எத்தனை வருஷம் படிக்கணும்?

தம்பிக்கு,

கம்பெனியில் நீ எச்.ஆர்., நான் தையல் மெஷின்காரி. அங்கே உன்னை சார் என்றுதான் கூப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தில் அது முடியாது.

எங்களுக்கு லீவும் சம்பளமும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று விசாரிக்க, இன்று நம்மிடம் ஷூ வாங்குகிறவர்களின் ஆடிட்டர் வந்தார். நேற்று நீ எங்களை நிற்கவைத்து மனப்பாடம் செய்யச் சொன்னதை எல்லாரும் ஒப்பித்தோம். "ஞாயித்துக்கெழம லீவு சார்." நானும்தான் சொன்னேன். பக்கத்து மெஷின் அம்சவேணி மட்டும், "போன வாரம்கூட வேலைக்கு வந்தோமே சார்" என்றுவிட்டாள். கேட்டால் உள்ளதைச் சொல்கிற பிள்ளை அது.

சாயங்காலமே அவளை ரூமுக்குக் கூப்பிட்டு, தானே வேலையை விடுவதாக எழுதி வாங்கினாயே, உனக்குக் கூசவில்லையா? அதில் சாட்சிக் கையெழுத்துப் போட என்னையே கூப்பிட்டாய். "அக்கா, சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்றாய். கம்பெனிக்குள் நீ என்னை அக்கா என்றது அதுதான் முதல் தடவை!

இன்று போடவில்லை; நாளைக்குக் கேட்டாலும் போட மாட்டேன். என்னையும் அனுப்புவதென்றால் அனுப்பு.

வீட்டுக்கு வந்தால் என் மகள் ஹரிணி கேட்கிறாள்: "மாமா மாதிரி எச்.ஆர். ஆவணும்னா எத்தன வருஷம்மா படிக்கணும்?"

டிகிரி மூன்று, எம்.பி.ஏ. இரண்டு, ஆக ஐந்து என்றேன். அந்த ஐந்து வருடமும் உன் ஃபீஸுக்காக மெஷினில் குனிந்திருந்தவளுக்குத் தெரியாதா?

"அவ்ளோ வருஷமா? அதுல இன்னா சொல்லித் தருவாங்க?"

மாமாவையே கேள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அன்றைக்குத்தான் நமக்கு லீவாயிற்றே. அவள் முகத்தைப் பார்த்து நீயே சொல்.

கையெழுத்துப் போடாத
உன் அக்கா