ஆத்தா, இரண்டு ஊசி போட்டுக்கொண்டேன்

என்னைப் பெற்று வளர்த்த ஆத்தாவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் மனசுக்குள் உன்னோடு பேசியதெல்லாம் அழுகைதான். இன்று சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது. சொல்லப் பயமாகவும் இருக்கிறது.

போன சித்திரையில் எனக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. உன் மருமகன் முகம் மலர்ந்தது. எனக்கோ பயம்தான் வந்தது. முதல் பிள்ளை நம் வீட்டில் பிறந்து எட்டாம் நாள் போனதிலிருந்து, பிள்ளை என்றாலே எனக்கு அந்த எட்டு நாள்தான். ஆறாம் நாள் காலையில் அவன் மார்பில் வாய் வைக்கவில்லை. தாடை இறுகிக் கிடந்தது. தொட்டால் உடம்பு வில்லாக வளைந்தது. பட்சி தோஷம், பறவை நிழல் பட்டுவிட்டது என்றாய் நீ. எட்டாம் நாள் அவனைத் துண்டில் சுற்றிக்கொண்டு மந்திரிக்க ஆவுடையார்கோவிலுக்கு வெயிலில் நடந்தே போனாய். திரும்பி வந்தபோது துண்டை என் கையில் கொடுக்காமல் வாசலிலேயே நின்றாய்.

அந்த நினைப்பிலேயே நாலு மாதம் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் மாதம் அவர் என்னைக் குடுமியான்மலையில் பஸ் ஏற்றி கன்னியர் மடத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். பேறு பார்க்கும் கன்னியாஸ்திரி ஒருத்தர் இருக்கிறார். சிஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். மெலிந்த உருவம், சிரிக்காத முகம்.

“மொதப் பிள்ளை எத்தனையாம் நாள் போச்சு?”

“எட்டாம் நாள், சிஸ்டர்.”

“பால் குடிச்சுச்சா?”

“அஞ்சு நாள் நல்லாக் குடிச்சுச்சு.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “தொப்புள்கொடியை எதால அறுத்தாங்க?”

ஆத்தா, எனக்கு நன்றாகத் தெரியும். கதிர் அறுக்கிற அரிவாளால் அறுத்தாய். முந்தானையில் துடைத்துவிட்டு அறுத்தாய். மேலே வறட்டிச் சாம்பலை வைத்து அமுக்கினாய். ஊரில் எத்தனை பிள்ளைக்குச் செய்தாயோ அப்படித்தான் உன் பேரனுக்கும் செய்தாய். ஆனால் நான், “தெரியல சிஸ்டர்” என்றேன்.

அது தோஷம் இல்லை, ரணஜன்னி, இங்கிலீஷில் டெட்டனஸ் என்றார் அவர். மண்ணிலும் சாணியிலும் இருக்கிற விஷம் கொடி அறுத்த புண் வழியாக ஏறுமாம். அதற்கு ஒரு ஊசி வந்திருக்கிறதாம். ஒரு மாதம் விட்டு இரண்டு தடவை தாய்க்குப் போட்டால் காப்பு பிள்ளைக்கும் போகுமாம்.

“வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?” என்று கேட்டேன்.

“ஆகாதுன்னுதான் டாக்டரம்மா சொல்றாங்க. கர்ப்பிணிக்குப் போடுறது எனக்கும் புதுசு. ஒன்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். யோசிச்சுட்டு வா.”

பஸ்ஸில் வரும்போது ஊசியைப் பற்றிய பயம் பாதிதான். மீதிப் பாதி உன்னைப் பற்றியது. ஊசியைப் போட்டுக்கொண்டால் சிஸ்டர் சொன்னதை நம்பியதாக ஆகிவிடும். நம்பினால், என் பிள்ளையை யார் கை கொன்றது?

வீட்டில் அவரைப் பெற்ற அத்தை, ஊசி கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். பிள்ளையே பெறாமல் இருக்கச் சர்க்கார் போடுகிற மருந்து அது என்று சந்தையில் பேசிக்கொண்டார்களாம். “பத்துப் பெத்தவ நான். எந்த ஊசியப் போட்டேன்?” என்றார்.

உன் மருமகன் தலையைக் குனிந்துகொண்டு, “நெலச்சது நாலுதானே ஆத்தா” என்றார்.

அத்தை எழுந்து ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டார். நாலு நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று அவரிடம் கேட்டேன். “எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா சும்மா இருந்தாப் பயம் போயிருமா?” என்றார். மறுவாரம் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே கை கல்லாக வீங்கியது. காய்ச்சல் கண்டது. மறுநாள் முழுக்க வயிற்றில் அசைவே இல்லை. இடப்பக்கம் படுத்தேன், வலப்பக்கம் படுத்தேன், வெல்லத்தண்ணீர் குடித்தேன். ஒன்றுமில்லை. நானே என் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். உன்னைத்தான் கூப்பிட்டேன் ஆத்தா. காதில் விழுந்ததா?

மூன்றாம் நாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போக அவர் வண்டி கட்டினார். சாலைக்கு வருமுன்பே விலாவுக்குக் கீழே ஒரு உதை. “நிப்பாட்டுங்க” என்றேன். அவர் கையை எடுத்து அங்கே வைத்தேன். மறுபடி உதைத்தது. அவர் முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டார்.

ஒரு தடவை பிழைத்த பிறகு இரண்டாம் தடவை எதற்கு என்று தோன்றியது. அந்த ஒரு மாதமும் தினம் காலையில் போகவேண்டாம் என்று முடிவு செய்வேன், சாயங்காலம் மாற்றுவேன். ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பிள்ளை போன பிறகு மேலத்தெருவிலிருந்து உன்னைப் பேறு பார்க்கக் கூப்பிட்டார்கள். “எனக்குக் கை வரல, வேற ஆளப் பாருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாய். சாகும்வரை ஒரு வீட்டுக்கும் போகவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா ஆத்தா? இல்லை, சந்தேகமாவது இருந்ததா? யாரிடமும் சொல்லாமல் அதையும் சுமந்துகொண்டுதான் போனாயா?

இரண்டாம் ஊசிக்குப் போனபோது சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். “எங்க ஆத்தாதான் அறுத்தாங்க. அரிவாளால.” அவர் என் ரவிக்கைக் கையை மேலே சுருட்டினார். “அவங்களுக்கு இத யாரும் சொல்லலையே” என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார். இந்தத் தடவை கை அவ்வளவாக வீங்கவில்லை.

தை பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. கத்தரிக்கோலைக் கொதிக்கவைத்து எடுத்ததை நானே பார்த்தேன். பார்த்தும் பயம் விடவில்லை. ஆறாம் நாள் அவள் தூங்கும்போதெல்லாம் வாயில் விரலை வைத்துத் தாடையைப் பார்த்தேன். ஏழாம் நாள் கொஞ்சம் மெதுவாகக் குடித்தாள். மறுபடியும் தாடையைத் தொட்டுப் பார்த்தேன். எட்டாம் நாள் பொழுது சாய்கிற வரைக்கும் அவளை மடியைவிட்டு இறக்கவில்லை. அத்தை வந்து வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை. பிறகு அவரும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவள் வாயைத் திறந்து ஊரே கேட்கும்படி அழுதாள். அத்தையும் அழுதார், அவருக்கு நிலைக்காத அந்த ஆறு பிள்ளைகளுக்காக என்று நினைக்கிறேன்.

இன்று பதினாறாம் நாள். நன்றாகக் குடிக்கிறாள்.

அண்ணன் நேற்று கடிதம் போட்டிருந்தார். உன் மூத்த மருமகளுக்கு ஐந்தாம் மாதமாம். நம் வீட்டிலேயே பேறு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார்களாம். அவளை நானே சிஸ்டரிடம் அழைத்துப்போகிறேன் என்று பதில் எழுதிவிட்டேன். காரணம் கேட்பாள். என் முதல் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லாமல் அவளை நம்பவைக்க முடியாது. உன்னை மறைத்துக்கொண்டு அதைச் சொல்லவும் முடியாது. சொல்லத்தான் போகிறேன் ஆத்தா. அதோடு, நீ அவனைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்ததையும், பிறகு கை வரவில்லை என்று உள்ளே போய் உட்கார்ந்ததையும் சேர்த்தே சொல்வேன். ஒன்றை விட்டு மற்றதை ஒருநாளும் சொல்லமாட்டேன். இது சத்தியம்.

அங்கே அவனை நீதானே வைத்திருக்கிறாய்,
அவனைப் பெற்றவள்,
உன் மகள் சிவகாமி