நீ மாற்றாத நாலாம் கியர்

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தும் தேங்காய் எண்ணெய் வாசனை போகவில்லை. உன் சைக்கிளின் பழைய ப்ரீவீல், ஏழு பல்வட்டுகளை ஒன்றாய் அடுக்கிய அந்தப் பின்சக்கர இரும்பு, என் மேசைமேல் செய்தித்தாளில் உட்கார்ந்திருக்கிறது. செங்கல்பட்டிலேயே செயினுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றியவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். கடற்கரை மணல் அதில் ஒட்டிக் களிம்பாகி, பல்லை அரைத்துவிடும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"சத்தம் வந்தா எண்ணெ வுடு, அவ்ளோதான். இதுக்குப் போயி ஆராய்ச்சி பண்ணிகினு கீறியே" என்பாய்.

ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த நாற்காலி நமக்கு. ஞாயிறு விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து கடலோரச் சாலையில் வடக்கே. கோவளம் வரை போக வேண்டும் என்பது உன் ஆசைதான். ஆனால் திருவிடந்தைக் கோயில் வாசல் வந்ததும் இறங்கிவிடுவாய். "கல்யாணம் ஆவாததுங்க மாலை வாங்கட்டும், நமக்கு டீ போதும்" என்று உட்கார்ந்தால் வெயில் ஏறிவிடும். "கோவளம் எங்கடி ஓடிடப் போவுது? அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

கோவளம் ஓடவில்லை. நீதான் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமல் போனாய்.

காரியம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "அவ சைக்கிள நீங்களே எடுத்துக்கங்கம்மா, இல்லன்னா காயலாங்கடைக்குத்தான் போவும்" என்றார். மழையில் கிடந்து செயின் துருவேறிப் போயிருந்தது. புதுச் செயின் போட்டு, இந்தச் சைக்கிளிலேயே கோவளம் போவது என்று அன்றே முடிவு செய்தேன்.

போட்ட மறுநாளே ஆரம்பித்தது. ஏரிக்கரை ஏற்றத்தில் அழுத்தி மிதித்தேன். 'டக்' என்று செயின் வழுக்கி, பெடல் காலடியில் காணாமல் போய், ஹேண்டில்பாரில் நெஞ்சு மோதியது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே விலகியது. இந்த நிலையில் கடலோரச் சாலைக்குப் போக முடியாது.

கடைக்காரர், "புதுச் செயின்தானக்கா, போகப் போகப் பழகிடும்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. நீ போனதிலிருந்து எல்லோரும் என்னிடம் சொல்வதும் அதைத்தான்.

மொட்டை மாடியில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றினேன். ஒரு சத்தமும் இல்லை. செயின் கண்ணி ஒவ்வொன்றையும் மடக்கிப் பார்த்தேன். எதுவும் இறுகவில்லை. பெடலைக் கழற்றி மாட்டினேன், கியர் கம்பியைச் சரி செய்தேன். ஏற்றத்தில் மறுபடி அதே 'டக்'. சரி, உட்கார்ந்து அழுவதைவிட ஒவ்வொரு கியராகப் பார்த்துவிடுவது என்று அதே ஏற்றத்தில் திரும்பத் திரும்ப ஏறினேன். மற்ற ஆறிலும் செயின் சாதுவாக ஓடியது. நாலில் மட்டும் வழுக்கியது.

அடிப்பாவி. அது உன் கியர். மேடோ பள்ளமோ எதிர்காற்றோ, நாலை விட்டு நீ இறங்கியதே இல்லை. "மாத்துனா மறந்துடுவேன்" என்பாய். மாடிக்குத் திரும்பி ப்ரீவீலைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மற்ற வட்டுகளின் பற்கள் மொண்ணையாக, நேராக நின்றன. நாலாவதில் மட்டும் எல்லாப் பற்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கூராகத் தேய்ந்திருந்தன. பழைய செயின் இவற்றோடு சேர்ந்தே தேய்ந்து நீண்டதால், இரண்டுக்கும் ஒத்துப்போயிருந்தது. புதுச் செயின் அந்தப் பற்களில் உட்காரவில்லை. அந்த மாடியில் உட்கார்ந்து உன்னை வாய்விட்டுத் திட்டினேன். அப்புறம் அழுதேன்.

நாலை மட்டும் தொடாமல் ஓட்டியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. ப்ரீவீலையே மாற்றச் சொன்னேன். "பழசை இன்னாக்கா பண்ணப் போற?" என்று கடைக்காரர் கேட்டார். துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இன்று ஞாயிறு. திருவிடந்தையில் கால் தானாகத் தரையில் ஊன்றப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை. கோவளத்தில் படகுகள் ஏறி நிற்கும் மணலுக்குப் பக்கத்தில் டீ குடிக்க உட்கார்ந்து, பையை அவிழ்த்து இரும்பைக் கடல் பக்கமாக வைத்தேன். மீன் கூடையோடு நின்ற அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா அது, இரும்புக் கடைக்கா எடுத்துகினு போற?"

"இல்லம்மா. எங்கூட வந்தவ" என்றேன். அவள் கூடையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரும்பும்போது எதிர்காற்று. வழக்கமாக நான் இரண்டுக்கு இறங்கிவிடுவேன். இறங்காத உன்னைக் கேலி செய்வேன். இன்று வீடு வரை, ஏரிக்கரை ஏற்றத்திலும்கூட, நாலிலேயே மிதித்தேன். முட்டி இரண்டும் விண்விண்ணென்று வலிக்கிறது. அடுத்த ஞாயிறும் நாலுதான்.