நின்று எரியும் பச்சை விளக்கு

மார்கழி 21, திங்கள்
காலையில் பனி. எட்டயபுரம் பஸ் தாமதம். கடையில் பெட்டி வேலை. செல்லிலிருந்து மெசேஜ் போட்டால் தோட்டத்தில் மோட்டாரை ஓட்டும் பெட்டி. உள்ளே சிம் போட்ட மோடம், வெளியே பச்சை விளக்கு. வேகமாக மினுங்கினால் டவர் தேடுகிறது, மெதுவாக மினுங்கினால் கிடைத்துவிட்டது. நான் வைத்த ஏற்பாடு.

முதலாளி அண்ணாச்சிக்கு மினுங்கலே ஆகாது. "மினுங்கிட்டே கெடந்தா வாங்குதவன் கோளாறுன்னு நெனைக்காம்லா. நின்னு எரியணும் பிள்ள." முடியாது என்றேன். "சரி, விடு" என்றார். இவ்வளவு சுலபமாக விடுகிற ஆளா?

பால் பாக்கெட், ஊக்கு வாங்க வேண்டும்.

தை 20, செவ்வாய்
வெயில் ஏறிவிட்டது. நாகலாபுரம் பக்கமிருந்து மாரியக்கா போன். பொங்கலுக்கு முன் பெட்டி வாங்கியவர். கால் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது, தோட்டத்துக்கு நடக்க முடியாது. அதற்காகத்தான் வாங்கினார்.

"தெனமும் மெசேஜ் போடுதேன் தாயி. ஆடு மேய்க்கவுகள்ட்ட கேட்டா லைட்டு பச்சையா நின்னு எரியுதுங்காவ. இன்னைக்கு வண்டில ஏறிப் போய்ப் பாத்தா தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. மொளகாப் பூவெல்லாம் உதிந்துட்டு."

நின்று எரிகிறதா? நான் செய்த பெட்டியில் அப்படி ஒரு நிலையே கிடையாதே.

தை 21, புதன்
நேரில் போனேன். மூடியில் பொங்கலுக்கு வைத்த சந்தனப் பொட்டு. திறந்தேன். விளக்குக்கு மோடத்திலிருந்து ஒயர் இல்லை. கரண்டிலிருந்து நேராக ஒரு சிவப்பு ஒயர்! டவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரியும். நான் முடித்துக் கொடுத்த பெட்டியைப் பிறகு பிரித்திருக்கிறார்கள். பாவி மனுஷன் அண்ணாச்சி.

ஒயரை அறுத்து, பழையபடி மோடத்தோடு இணைத்தேன். வேகமாக மினுங்கியது. ஆண்டெனாவை மோட்டார் கொட்டகைக் கூரைக்கு மேல் ஏற்றினேன். மெதுவானது. மெசேஜ் போட்டதும் மோட்டார் ஓடியது.

"மினுங்குதே, கெட்டுப்போச்சா?" என்றார் அக்கா. வேகமா மினுங்கினா டவர் தேடுது, மெதுவா மினுங்கினா கெடச்சிட்டு என்று சொல்லிக் கொடுத்தேன். பாதிச் செடியாவது தேறும். மீதிக்கு யார் பதில்?

"பச்சை எரிஞ்சா தண்ணி பாயும்னு அண்ணாச்சி சொன்னாவளே. அதை நம்பி ஆள் விட்டுப் பொட்டெல்லாம் வைக்கச் சொன்னேன்" என்றார்.

தை 22, வியாழன்
கடையில் விற்கக் கிடந்த பெட்டிகளையெல்லாம் திறந்தேன். எல்லாவற்றிலும் சிவப்பு ஒயர். ஒவ்வொன்றாக அறுத்தேன்.

"கம்ப்ளெயிண்ட் வரும், சொல்லிட்டேன்" என்று அண்ணாச்சி கத்தினார். மாரியக்கா செடி காய்ஞ்சப்ப எங்க போனீங்க என்றேன். வேலை போனால் போகட்டும்.

அதற்குள் போன். அவரே எடுத்தார். ஸ்பீக்கரில் மாரியக்கா:

"அண்ணாச்சி, என் பெட்டி மெதுவா மினுங்குது, நல்லாருக்கு. எங்கூர்ல மத்தவுக பெட்டி ஒண்ணுகூட மினுங்கலையாம். எல்லாத்தையும் கழட்டி வண்டில ஏத்திட்டு வாராவ. கடைய அடைச்சிராதீங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஒயரைப் பற்றவைக்கும் சாலிடரிங் கோலைச் சூடு பண்ணப் போட்டேன்.