மாமனார் உடுத்தி வந்தது யாதெனக் கேட்டு விடுத்த ஓலை

நலம் பெருகுக. மாரி பிழையாது பொழிக. பொழிந்த நீர் ஏரியில் நிற்க. ஏரி காப்போர் உறங்காதிருக்க.

தண்குவளை நாட்டைப் புரப்பவரும், பகைவர்க்கு இடியும் பாணர்க்கு மழையும் ஆகியவருமான கோப்பெருவிறலர் திருவாய் மலர்ந்தருள, குவளைமாநகர் அரண்மனை ஓலைநாயகம் நல்லந்தை எழுத்தாணி பிடித்து எழுதுவது. ஆற்றின் மணமே அறியாத ஆந்தைக்குன்றத்தின் மரக்கலத்துறைத் தலைவரும், வராத கலங்களுக்குச் சுங்கம் வாங்கும் உரிமை பெற்றவரும், மன்னரோடு ஒரே குளத்தில் நீச்சல் பழகியவருமாகிய கொற்றனார் கண்டு தெளிக. தங்கள் குன்றும், குன்றின்மேல் அமைந்த துறையும், அத்துறைக்கு என்றேனும் நீர் வருமாயின் அந்நீரும் வாழ்க.

கேட்பவர் அறிந்ததையே அறியாதவர்க்குச் சொல்வதுபோல் அடியிலிருந்து விரித்து எழுதுவது நம் ஓலை மரபு. ஆதலின் தாங்கள் கண்ணாரக் கண்டவற்றையும் கீழே மீண்டும் காண்பீர்கள், பொறுத்தருள்க. இம்மரபை உண்டாக்கியவர் பனந்தோப்பு வைத்துப் பிழைத்தவராகத்தான் இருக்கவேண்டும்.

மன்னர் இளவரசராயிருந்த நாளில், நண்பர் நால்வர் அட்டமிதோறும் யானைக்குளத்துப் படிக்கட்டில் கூடுவது வழக்கம். இளவரசர் ஒருவர், படகு கட்டும் தாங்கள் ஒருவர், இன்று படைத்தலைவராகியிருக்கும் அந்துவனார் ஒருவர், யானை மருத்துவச்சி செள்ளையார் ஒருவர். அட்டமியில் நற்செயல் தொடங்கலாகாது என்றுதான் பெரியோர் சொன்னார்களேயன்றி வெட்டிச்செயல் தொடங்கலாகாது என்று சொல்லவில்லை என இளவரசர் சாத்திரத்தில் வழி கண்டுபிடித்தார். அக்கூட்டத்துக்கு வெற்றவை என்று பெயரும் சூட்டினார்.

வெற்றவையில் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ தெருவிலோ நடந்த ஒரு சிறு கதையைச் சொல்லவேண்டும். அது மெய்யாக இருக்கவேண்டும். ஆனால் எதற்கும் உதவாததாகவும் இருக்கவேண்டும். போரும் தெய்வமும் கதைக்குள் வரலாகாது. செள்ளையாரின் பிழைப்பைக் கருதி யானை வரலாம் என்று இளகினார்கள். அதிலும் யானையின் பின்பாதி மட்டுமே வரலாம் என்று வரம்பு கட்டினார்கள். கதைகள் முடிந்தபின் அவற்றிலிருந்தே வினாக்கள் எழும். நொண்டிய ஆடு எந்தக் காலை நொண்டியது, சண்டையிட்ட பெண்டிருள் முதலில் தும்மியவள் யார் என்பன போன்ற, அறிந்தாலும் பயனில்லாத வினாக்கள். விடை சொல்பவர் ஒற்றைக்காலில் நின்று தம் காதைத் தாமே பிடித்துக்கொள்ள வேண்டும். சரியாகச் சொன்னவர் பாகற்காயைப் பச்சையாகத் தின்னவேண்டும். தவறாகச் சொன்னவர்க்கு வெல்லம். தோற்றவர் மனம் நோகலாகாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆயினும் தோல்வி தோல்வியே என்பதற்காக, அன்று மிகுதியாகத் தோற்றவர் தலையில் முறத்தைக் கவிழ்த்து அதனோடு வீடுவரை நடக்கச் செய்வார்கள்.

அந்நாளில் அம்முறம் பெரும்பாலும் ஒரே தலையில்தான் இருந்தது. இளவரசர் பிறர் கதை சொல்லும்போது தம் கதையை மனத்துக்குள் மெருகேற்றிக்கொண்டிருப்பார். ஆகவே பிறர் கதையில் ஆடு வந்ததா மாடு வந்ததா என்பதே அவருக்குத் தெரியாது. வெல்லம் தின்று தின்று அவர் பல் சொத்தையானதும், முறத்தோடு வருபவரைக் கண்டு வாயிற்காவலர் சிரிப்பை மென்று விழுங்கியதும் அரண்மனையில் எல்லாரும் அறிந்தவை.

பிறகு முடிசூட்டு விழா நடந்தது. அன்றுமுதல் மன்னர் தோற்கவே இல்லை.

முதலில் மன்னர் மகிழ்ந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. மணிமுடி தலையில் ஏறியதும் நினைவாற்றலும் உடன் ஏறிவிட்டது என்றே நம்பினார். ஓயாமல் பாகற்காய் தின்று முகம் சுளித்தாலும் உள்ளம் இனித்தது. தலைமை அமைச்சர் வெண்ணந்தையார், ஊதுகிற சங்கை இன்னும் உரக்க ஊத வல்லவர். வினாவெல் வேந்தர் என்ற பட்டத்தைக் கல்லில் வெட்டலாம் என்று முன்மொழிந்து, கல்தச்சனையும் கையோடு அழைத்து வந்தார். எப்போதும் அருகிலிருந்த தாங்கள் அந்நாள்களில் பெரும்படகு கட்டும் பணியில் துறைமுகத்தில் தங்கிவிட்டீர்கள். தாங்கள் திரும்பி வந்த அட்டமியில்தான் வினை வந்தது.

அன்று வெற்றவையில் அமைச்சர் இருந்தார், கல்தச்சன் இருந்தான், வடகரை நாட்டுத் தூதர் விருந்தினராய் வந்து மேல்படிக்கட்டில் அமர்ந்திருந்தார். தாங்கள் தங்கள் மாமனாரைப் பற்றி ஒரு கதை சொன்னீர்கள். அவர் ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கையில் கரையில் வைத்த ஆடையை ஓர் ஆடு மேய்ந்துவிட்டது என்றும், அவர் வேறொன்றை உடுத்திக்கொண்டு கடைத்தெரு வழியே வீடு வந்து சேர்ந்தார் என்றும் அக்கதை சென்றது. மாமனார் உடுத்தி வந்தது யாது என்று செள்ளையார் மன்னரை வினவினார். மன்னர் ஒற்றைக்காலில் நின்று, காதைப் பிடித்துக்கொண்டு, சற்றும் தயங்காமல் புலித்தோல் என்றருளினார். சரி என்றார் அந்துவனார். மிகச்சரி என்றார் செள்ளையார். தாங்களோ வயிறு குலுங்கச் சிரித்து, விறலா நீ கேட்கவே இல்லை, எடுடா முறத்தை என்று கூறி, அதைத் தாங்களே எடுத்து மணிமுடியின் மேல் கவிழ்த்தீர்கள்.

தூதர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் இவ்வோலைக்கு வேலையே இல்லை.

மன்னர் முகம் சிவந்தது. அயலான் முன்னிலையில் தலை தாழ்ந்ததாக எண்ணினார். நண்பனைத் தண்டிக்க நாணி, தண்டனைக்குப் பட்டுப் போர்த்திப் பதவி என்று பெயரிட்டார். கலம் கட்டுவதில் வல்லவராகிய தங்களை, ஒரு வாய்க்கால்கூட இல்லாத ஆந்தைக்குன்றத்துக்கு மரக்கலத்துறைத் தலைவராக்கி, அப்பொழுதே புறப்படுமாறு பணித்தார். கதையில் வந்த சரியான விடையைத் தாங்கள் மீண்டும் எடுத்துச் சொல்லவுமில்லை. சொல்ல யாரும் விடவுமில்லை.

அதன்பின் நடந்ததைத் தாங்கள் அறியமாட்டீர்கள். மறுநாளே அமைச்சர் தங்கள் மாமனாரை அழைத்து விசாரித்தார். கோழிக்களவு விசாரணையோ என்று நடுங்கி வந்த அம்முதியவர், காற்று எந்தப்பக்கம் வீசுகிறதென்று கண்டதும் தெளிந்து, தாம் உடுத்தி வந்தது புலித்தோலே என்றும், தலையும் வாலும் கூட இருந்தன என்றும், அது பின்னர்க் காணாமற்போயிற்று என்றும் சாற்றினார். அரசுப் பண்டகசாலையிலிருந்து ஈடாக ஒரு புலித்தோல் வழங்கப்பட்டது. இப்போது அவர் உச்சிவெயிலிலும் அதைப் போர்த்திக்கொண்டு கடைத்தெருவில் உலாவுகிறார். வியர்வை ஆறாக ஓடுகிறது. நாய்கள் தொலைவில் நின்று குரைக்கின்றன. மருமகன் வீட்டார் மாமனாருக்குப் புலித்தோல் செய்யவேண்டும் என்று நகரத்தில் புதிதாக ஒரு சீர் முறையும் கிளம்பியிருக்கிறது. மணமகனைப் பெற்றவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவற்றைக் கேட்டு மன்னருக்கு ஐயம் பிறந்தது. அடுத்த அட்டமியில் அவர் குளத்தங்கரைக்குச் சென்றார். அந்துவனார், காலையில் எழுந்ததாகவும் மாலையில் படுத்ததாகவும் ஒரு கதை சொன்னார். செள்ளையார் ஒரு கன்று பால் குடித்ததாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அக்கன்றுக்கு எத்தனை கால் என்று மன்னர் தாமே வினாவெழுப்பி, ஏழு என்று தாமே விடையும் கூறினார். விலங்கு மருத்துவமே தொழிலாகக் கொண்ட செள்ளையார், தரையைப் பார்த்துக்கொண்டு, ஆம் ஏழே என்றார். அந்துவனார் தாமும் எண்ணிப் பார்த்ததாகச் சான்று பகர்ந்தார்.

மன்னர் அன்று பாகற்காயைத் தின்னாமல் எழுந்து வந்துவிட்டார். ஆனால் வாய்விட்ட சொல் வாயிலைத் தாண்டிவிட்டது. ஆநிரைக் கணக்கர் நாடெங்கும் கன்றுகளின் காலை எண்ணப் புறப்பட்டனர். கால் குறைந்த கன்றுகளை வைத்திருந்த குற்றத்துக்காக மேலைச்சேரி இடையன் ஒருவனுடைய தொழுவம் முழுவதையும் ஓட்டி வந்து அரண்மனை முற்றத்தில் நிறுத்தினர். அவன் அழுதுகொண்டே, பெருமானே, மீதிக் கால்களை மழைக்குள் எப்படியாவது வளர்த்துவிடுகிறேன் என்று விண்ணப்பித்தான். அதைக் கேட்டு அவையோர் தலையசைத்தனர். மன்னர் மட்டும் அஞ்சினார். போர்க்களத்தில் அஞ்சாதவர் அன்று தம் நாவுக்கு அஞ்சினார். கன்றுகளை அவிழ்த்து அவனோடு அனுப்பிவிட்டு, உண்ணாமல் அந்தப்புரத்துத் தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அங்கேதான் ஓலைநாயகம் அழைக்கப்பட்டார். தங்களை உடனே திரும்புமாறு முன்பு விடுத்த ஆணைக்குத் தாங்கள் எழுதிய மறுமொழி மன்னர் மடியில் கிடந்தது. குன்றின்மேல் எந்நேரமும் கலம் வரக்கூடுமாதலால் துறையை விட்டு அகல இயலாது என்றும், மன்னர் அளித்த பெரும்பதவியில் பழுது வர விடமாட்டேன் என்றும் தாங்கள் மிகுந்த பணிவோடு எழுதியிருந்தீர்கள். அப்பணிவு எங்கு குத்தவேண்டுமோ அங்கேயே குத்தியிருக்கிறது என்பதைத் தங்கள் மகிழ்ச்சிக்காகத் தெரிவிக்கிறோம்.

அந்த மாமனார் உண்மையில் எதை உடுத்தி வந்தார் என்று மன்னர் ஓலைநாயகத்தைக் கேட்டார். புலித்தோல் என்ற சொல் நாநுனிவரை வந்துவிட்டது. சோறு போடும் கை அல்லவா? எனினும் மன்னர் முகத்தைப் பார்த்தபின் அச்சொல்லை விழுங்கிவிட்டு, தெரியாது பெருமானே என்றார் ஓலைநாயகம். மன்னர் எழுந்து அவரைத் தழுவிக்கொண்டார். இடுப்பிலிருந்த எழுத்தாணி குத்தியும் விடவில்லை. குவளைமாநகரில் தெரியாது என்ற சொல்லைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று சொல்லிக் கண் கலங்கினார். ஆம் என்பார் ஆயிரவர் இருக்க, இல்லை என்பான் ஒருவனைக் குன்றேற்றிவிட்டேனே என்று வருந்தினார். தங்களை எண்ணாத நாளில்லை என்றார். தாங்கள் இல்லாமல் அட்டமி வருவதே பிடிக்கவில்லை என்றார். இவற்றை அப்படியே எழுது, அழகுபடுத்தாதே என்றும் பணித்தார். எழுதியாயிற்று.

ஆதலின் அறிக. கன்றுகளின் காலை எண்ணும் முறை இன்றோடு ஒழிந்தது. கன்றுகள் பிறந்தபடியே இருக்கலாம். கல்தச்சன் வெட்டிய எழுத்துகளை அவன் கையாலேயே கொத்தி அழித்தாயிற்று; அக்கல் இனி வண்ணாரத்துறையில் துணி துவைக்க உதவும். மாமனார் புலித்தோலைத் திருப்பித் தரவேண்டியதில்லை. அதைப் போர்த்தி நடப்பதே போதிய தண்டனை என்பது மன்னர் கருத்து. அந்துவனாரும் செள்ளையாரும் தங்களுக்குத் தனியே ஓலை எழுத நாணி, தலையைக் குனிந்துகொண்டு இவ்வோலையின் கீழ் கீறலிட்டிருக்கின்றனர்.

தங்களை வருக என்று ஆணையிட மன்னர் ஒப்பவில்லை. ஆணைக்கு வருபவன் ஊழியன் என்றும், தமக்கு ஊழியர் நிறைய இருக்கிறார்கள் என்றும் கூறினார். அரசர் ஒருவரை வேண்டிக் கேட்பதற்குரிய வாய்பாடு உண்டா என்று பழைய ஓலைகளையெல்லாம் புரட்டிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை; ஈராயிரம் ஆணைகளுக்கு நடுவே ஒரு வேண்டுகோள்கூட இல்லை. எனவே ஆணைக்குரிய குவளை இலச்சினை இதன்மேல் பொறிக்கப்படவில்லை. ஓலை கொணரும் வீரனுக்குத் தங்களை அழைத்துவரும் அதிகாரம் ஒன்றும் கிடையாது. தங்கள் மறுமொழியைக்கூட அவன் வாங்கலாகாது.

முடிவுரைக்குரிய இடத்தில், எழுத்தாணியை ஓலைநாயகத்தின் கையிலிருந்து வாங்கி, மன்னர் தம் கையாலேயே எழுதியது:

கொற்றா, அது புலித்தோல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அன்று நீ உன் மாமனார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் என் கதையை நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கதையை உள்ளபடி இங்கே எவரும் எனக்குச் சொல்லமாட்டார்கள். நீ வந்து முதலிலிருந்து சொல்லு.

விறலன்.