பெரிய வீக்கம் உன்னுடையது

இடது முன்கை தடித்துச் சிவந்து கிடக்கிறது. முந்தாநாள் டாக்டர் அதில் ஒரு சின்ன ஊசி போட்டார். இன்றைக்குப் போய்க் காட்டியபோது ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். என் பேத்தி வயதுப் பெண். எனக்கு அந்தத் தடிப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு உன் கை ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு மேல் சிரிக்க முடியவில்லை.

ஐம்பதுகளில் ஒரு நாள் நம் ஆலங்குடிப் பள்ளிக்கூடத்துக்குக் காசநோய்த் தடுப்பூசிக்காரர்கள் வந்தார்களே, நினைவிருக்கிறதா? பிள்ளைகள் சுவரேறிக் குதித்து ஓடினார்கள். தலைமையாசிரியர் நம் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தி, "டீச்சர்மாரே போட்டுக்கிறாங்க, பாருங்கடா" என்றார். முதலில் சோதனை ஊசி. கை வீங்காதவர்களுக்குத்தான் அடுத்தது தடுப்பூசி. அவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது நம் இருவர் கையும் வீங்கியிருந்தன. "ஒங்க ரெண்டு பேருக்கும் தடுப்பூசி வேணாம். கிருமி ஏற்கெனவே உள்ள வந்திருக்கு, ஒடம்பு அதை எதுத்து நின்னுருக்கு" என்றார் ஊசி போட்டவர். எதிர்த்து நின்றது மட்டும்தான் நம் காதில் ஏறியது. நாம் சேர்ந்து தங்கியிருந்த அறைக்கு வந்து வகுப்பு மர ஸ்கேலால் அளந்தோம். உன்னுடையது பெரிது. "ஆவூர்க்காரி ஒடம்புடி இது! எடு கடலை மிட்டாய" என்று பந்தயத்தை வசூலித்துக்கொண்டாய். ஊரும் அப்படித்தான் பேசியது. கை பெரிதாக வீங்கிய பிள்ளைகளின் அம்மாமார், எங்கள் ரத்தம் நல்ல ரத்தம் என்று பெருமையடித்துக்கொண்டார்கள்.

உனக்கு முந்தின மார்கழியிலிருந்தே இருமல். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். அப்புறம் சாக்பீஸ் தூசி என்றாய். ஒருத்தி காலை நீட்டினால் இன்னொருத்தி சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய, ஜன்னல்கூட இல்லாத அந்தப் பின்கட்டு அறையில், உன் மூச்சு என் கழுத்தில் படத்தான் நான் தூங்கினேன். முந்திரிப்பழக் காலத்தில் ஒரு நாள் உன் முந்தானையில் பழுப்பாய் ஒரு கறை. "முந்திரிப்பழக் கறைடி, தொவைச்சாலும் போகாது" என்றாய். ஆலங்குடியில் அந்தக் கறை இல்லாத துணி எது? நான் நம்பினேன். கொஞ்ச நாள் நீயும் நம்பியிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

மழை தொடங்குமுன் உன்னைக் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நான் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது வார்டு ஜன்னல் கம்பிக்கு உள்ளே நின்றாய். துருத்திய கழுத்தெலும்பின் மேல் செபமாலை கிடந்தது.

"அங்கிட்டே நில்லு. கிட்ட வராதே."

"ரெண்டு வருசம் ஒன் பக்கத்துலதானே படுத்தேன்? இப்ப என்ன புதுசா?" எனக்கு எரிச்சல்.

"ஒனக்கு இருமல் இருக்கா? சாயந்தரம் காய்ச்சல் அடிக்குதா?"

"ஒண்ணும் இல்லடி."

நீ சந்தோஷப்பட்டாய். நடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. பிறகு வீக்கம் இருந்த கையைத் தூக்கிப் பார்த்தாய். "பெரிய வீக்கம் எனக்குத்தானேடி வந்துச்சு?" என்று கேட்டாய். கணக்கைச் சரியாகப் போட்டும் மார்க் குறைந்துவிட்ட பிள்ளை கேட்கிற குரல். புது ஊசி மருந்தெல்லாம் அப்போது வந்திருந்தது, உனக்கும் போட்டார்கள். உன் உடம்பு அதற்குள் தளர்ந்துபோயிருந்தது. கிறிஸ்துமஸுக்கு நீ இல்லை.

அதன் பிறகு எனக்குக் கல்யாணம், பிள்ளைகள், மாற்றல், திருக்கோகர்ணத்தில் வீடு. எதிலும் நீ என்னை விட்டதில்லை. சாதாரணச் சளிக்கு இருமினாலும் கைக்குட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த்தான் பிரிப்பேன். "முந்திரிப்பழக் கறைடி" என்று உன் குரல் காதோரம் கேட்கும். பிரித்தால் ஒன்றும் இருக்காது. ஆறுதல் வரும், கூடவே வெட்கமும் வரும். உயிரோடு இருப்பதற்கு வெட்கப்பட்டே கிழவியானவள் நான்.

இன்றைக்குத்தான் உன் கேள்விக்குப் பதில் மாதிரி ஒன்று கிடைத்தது. என் மூட்டுவாதத்துக்கு ஒரு மருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் இந்தச் சோதனை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"கிருமியை முழுங்குற செல்லுக்குள்ளேயே அது சாகாம ஒளிஞ்சுக்கும்மா. மத்த செல்லுங்க சுத்தி நின்னு அடைச்சு வச்சிருக்கும். நான் குடுக்கப்போற மருந்து அந்தக் காவலைக் கொறைச்சிரும், அது முழிச்சுக்கும். அதனால மொதல்ல அதைக் கொல்ல மாத்திரை" என்றார் டாக்டர்.

பெரிய வீக்கமென்றால் பலமான காவல் என்று அர்த்தமா என்று கேட்டேன்.

"இல்லைம்மா. ஒடம்பு அதைப் பாத்திருக்குன்னுதான் அர்த்தம். ஜெயிக்குமான்னு கை சொல்லாது."

எத்தனை காலம் கழித்து! அன்றைக்கே அந்த ஊசிக்காரர் இதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்தப் புள்ளிக்குள் தூங்குவது உன்னிடமிருந்து வந்ததுதான் என்று எந்த டாக்டரும் சத்தியம் செய்ய மாட்டார். எனக்குத் தெரியும். உன்னுடையது என்று இந்த உலகத்தில் இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். உன்னைக் கொன்றதும் அதுதான். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதே, எனக்கு மனசு வரவில்லை.

கொள்ளுப்பேத்தி தவழ்ந்து வந்து மடியில் ஏறினாள். என் முகத்தோடு முகம் வைத்து, வாயைத் திறந்து மூச்சு விட்டாள். நீ ஏன் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாய் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. விழுங்கிவிட்டேன்.

மாத்திரையெல்லாம் முடிந்த பிறகு இந்த ஊசி போட்டால் கை வீங்காதா என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். "கிருமி செத்தாலும் பெரும்பாலும் வீங்கத்தான் செய்யும்மா. ஒடம்பு லேசுல மறக்காது" என்றார்.

இப்போது அந்த இடம் அரிக்கிறது. சொறியக் கூடாதாம். சொறியவில்லை, தடவிக்கொண்டிருக்கிறேன்.