நீ அனுப்பிய கத்தும் பெட்டி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், பக்கத்து வீட்டுப் பூனைகூட நலம். உன் நலத்தை மட்டும் நீயே எழுதினால்தான் உண்டு, ஃபோனில் நீ சொல்லும் 'ம்'மை வைத்துக்கொண்டு நான் என்ன ஜோசியமா பார்ப்பது.

நீ அனுப்பிய கருவி உடையாமல் வந்து சேர்ந்தது. மூடிய அறையில் ஆட்கள் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்று எண் காட்டும், அளவு மீறினால் கத்தும் என்று எழுதியிருந்தாய். முதலில் கூடத்தில் வைத்தோம். நான் என் முதுகுவலியைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டது. "இத்தனை வருஷமா நான் சொன்னதை இது ஒரே நாள்ல கண்டுபிடிச்சிடுச்சு பாருங்க" என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. மறுநாளே என்னையும் அதையும் தன் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்டாள், தலைமை ஆசிரியை ஆயிற்றே. வயதுக் கணக்கில் எனக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டதால் பெட்டி தூக்கும் உத்தியோகம் எனக்கு. வகுப்புக்கு வகுப்பு அது கத்த, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பார்த்தால், போன முறை பெயின்ட் அடித்த மகராசன் ஜன்னல்களையும் சேர்த்துப் பூசி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். தச்சர் உளியால் தட்டத் தட்ட, அம்மா பின்னால் நின்று அதட்ட அதட்ட, யாருக்குப் பயந்தோ எல்லா ஜன்னலும் திறந்துவிட்டன.

கூத்து அதற்குப் பிறகுதான். பள்ளியில் வேலை செய்யும் எல்லோருக்கும் போதாது, கொஞ்சம் தடுப்பூசிதான் இந்த வாரம் வரும், மீதி எப்போது என்று தெரியாது என்று சுகாதார நர்ஸ் சொல்லிவிட்டார். உடனே கணக்கு வாத்தியார் சீனியாரிட்டி பார்க்க வேண்டும் என்றார். தாளாளரின் மச்சான், தான் தாளாளரின் மச்சான் என்றார், அவ்வளவுதான் அவர் தகுதி. "எந்த ரூம்ல காத்து மோசமோ அங்க வேலை பாக்கறவங்களுக்குத்தான் முதல்ல, மெஷின் சொல்லட்டும்" என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். நல்ல தீர்ப்புதான். ஆனால் மறுநாள் பெட்டியோடு போனால், பாடுபட்டுத் திறந்த ஜன்னல் எல்லாம் சாத்திக் கிடக்கிறது! கணக்கு வாத்தியார் கரும்பலகைக்கு முன்னால் குதித்துக் குதித்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தார், ஓவிய டீச்சரின் வகுப்பு முழுக்கத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது, மச்சான் பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கி பலூன் ஊதுவதுபோல் அதற்குள் ஊதினார். அம்மாவுக்கு வந்ததே கோபம். "பிள்ளைங்களை மூச்சு முட்ட வெச்சுட்டு உங்களுக்கு ஊசி கேக்குதா? மூடினவங்க பேரு கடைசியில" என்று போட்ட சத்தத்தில் எல்லாம் படபடவெனத் திறந்தது. மறுபடி அளந்ததில் பஸ் ஓட்டுநரும், பாலர் வகுப்பு ஆயாவும் முன்னுக்கு வந்தார்கள். ஆயா, "எனக்கா முதல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பார்த்த எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஆனால் அம்மாவுக்கு மூச்சிழுப்பு இருப்பது உனக்குத் தெரியாததா? "தலைமை டீச்சரே முதல்ல ஓடிப்போய்க் கையை நீட்டினா நல்லாவா இருக்கும்" என்று தன் அறையை அளக்கவே விடவில்லை. அதுவோ ஜன்னலே இல்லாத பழைய சாமான் அறை, பள்ளிக்கூடத்தின் புகார் எல்லாம் அங்கேதான் வந்து பெருமூச்சு விடும். அவள் ஒவ்வொரு முறை இருமும்போதும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், தண்ணீரை வீணாக்கியதற்குத் திட்டும் வாங்கினேன்.

ஊசி போடும் நாளன்று, கடைசி ஊசி விளையாட்டு வாத்தியாருக்கா மச்சானுக்கா என்று வழக்காட அத்தனை பேரும் அம்மாவின் அறைக்குள் புகுந்துவிட்டார்கள். எப்படியோ கதவும் சாத்திக்கொண்டது. மச்சான் ஒருவரே மூன்று பேர் மூச்சை விட்டார். திடீரென்று நான் மேஜைமேல் வைத்திருந்த பெட்டி அலறிய அலறலில் எல்லோரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள், எந்த வகுப்பிலும் காணாத எண். விளையாட்டு வாத்தியார்தான் முதலில் வாயைத் திறந்தார், "எனக்கு மைதானம்தான் ரூமு, நான் அப்புறம் போட்டுக்கறேன். ரூல் நீங்க போட்டதுதானே டீச்சர், கையை நீட்டுங்க" என்று. அம்மா எல்லோரையும் வெளியே மரத்தடிக்கு விரட்டினாள், அங்கேயே நர்ஸை முறைத்துக்கொண்டு போட்டுக்கொண்டாள். சாயங்காலம் கைவலி என்று பாத்திரம் எல்லாம் என் தலையில் விழுந்தது. சிரித்துக்கொண்டே கழுவினேன்.

நீ வேலை செய்யும் அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று பார், இருந்தால் திறக்கிறதா என்று பார். முகக்கவசத்தைத் தாடைக்கு மாட்டாதே. எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு. ஒரே ஒரு விஷயம், இதை அம்மாவிடம் மூச்சுவிடாதே. கதவு காற்றில் சாத்திக்கொண்டது என்றுதான் அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள், அந்த அறையில் காற்று ஏது?

இப்படிக்கு,
முதுகைக் கொடுத்துக் கதவைச் சாத்திய
உன் அப்பா