மூன்றாவது குதிரை

ஆவணி 20, வெள்ளி. நெடுந்தீவு.

இன்று பின்னேரம் மாடு வளர்க்கும் செல்லத்துரை அண்ணை மிருக வைத்தியர் விடுதிக்கு என்னைத் தேடி ஓடி வந்தார். "டொக்டர், குளத்துச் சேத்துக்குள்ளை ஒரு குதிரை புதைஞ்சு போச்சு. கெதியா வாங்கோ."

காட்டுக்குதிரைதான், பெண். வயிறுவரை சேறு. குட்டி கரையில் நின்றது.

நாலு மாதமாக மழை இல்லை. இங்கே முருகைக்கல் என்னும் பவளப்பாறையின் மேல் ஒரு சாண் மண்தான், தண்ணீர் தங்காது. புல் கருகிவிட்டது, கிணறுகள் உவர்ந்துவிட்டன. குளத்தின் நடுவில் மிஞ்சிய கலங்கல் தண்ணீருக்காகக் குதிரைகள் சேற்றில் இறங்குகின்றன. இந்த மாதம் இது மூன்றாவது. முதல் இரண்டும் செத்துவிட்டன.

பலகை போட்டு, கயிறு கட்டி, ஆறு பேர் இழுத்தோம். கரைக்கு வந்தும் அது எழும்பவில்லை. நான் ஊசி போட்டேன். அண்ணை சைக்கிளில் இருந்த இரண்டு கான் நல்ல தண்ணீரையும் வாளியில் ஊற்றி அதன் வாயருகே வைத்தார்.

"அது உங்கடை மாடுகளுக்கெல்லோ, அண்ணை?"

"ஓம். மாடு கத்தினா நான் இருக்கிறன். இதுக்கு ஆர் இருக்கினம்?"

குடித்தது. அரை மணித்தியாலத்தில் எழும்பிக் குட்டிக்குப் பால் கொடுத்தது. பிறகு இரண்டும் திரும்பவும் குளத்தை நோக்கியே நடந்தன. அவற்றுக்கு வேறு தண்ணீர் இல்லை. அண்ணை கத்தித் துரத்தினார். கொஞ்சத் தூரம் போய் நின்று பார்த்தன.

"நீங்கள் போங்கோ டொக்டர். விடியுமட்டும் நான் இதிலை நிக்கிறன்."

ஒரு போர்வையும் டோர்ச்சும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நாளை இரவு யார் நிற்பது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.